இரண்டு லென்ஸ், ஒரு வாரம்

கேமராக் கடைக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் வந்தவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிற பழக்கம் அவரிடம் இருந்தது. பெரிய சிஸ்டர் கடைக்குள் நுழைந்து, "டிஜிட்டல் எஸ்எல்ஆர், முதல் தடவையா வாங்கறேன். குழந்தைங்கள எடுக்கணும். எந்த லென்ஸ் சரியா இருக்கும்?" என்று கேட்டதும் அவருடைய கை தானாகவே கண்ணாடி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

"குழந்தைங்கன்னா ஒரு எடத்துல நிக்காது மேடம். இங்க இருக்குன்னு குறி வைப்பீங்க, அங்க போயிருக்கும். ஜூம்தான் உங்களுக்கு. இத பாருங்க, டக்குனு ஃபோகஸ் பிடிக்கும். சோபாவுல இருந்து குதிக்கும்போது எடுத்தாலும் தலைமுடி ஒண்ணொண்ணா தெரியும்."

"இதுங்க ஓடாது சார்," என்றாள்.

"அப்ப கைக்குழந்தையா? முதல் பொறந்தநாள், அந்த மாதிரியா?"

"இல்ல. நான் ஆஸ்பத்திரில பச்சைக்குழந்தை வார்டுல நர்ஸ். எங்ககிட்ட வந்து பொழைக்காம போற குழந்தைங்க இருக்கு. பெத்தவங்க கேட்டா அதுங்கள எடுத்துக் கொடுக்கணும்."

கடைக்காரர் கையிலிருந்த லென்ஸை மெல்ல மேசைமேல் வைத்தார். அவரிடம் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடி இருக்கும். ஒன்று மூக்கில், ஒன்று வழுக்கைத் தலையில். மூக்கில் இருந்ததைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததை மாட்டாமல் தலையில் இருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு மேசையைச் சுற்றி வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சிஸ்டர். மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக அந்த வார்டில் இருப்பவள். மற்ற நர்ஸ்கள் மாறிப் போவார்கள், புதிதாக வருவார்கள். இவள் மட்டும் சுவர்க்கடிகாரம் போல அங்கேயே இருந்தாள். அதனால் எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். ஒரு கிலோகூட நிறையாத குழந்தையின் கையில் நூலிழை போன்ற நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டுமென்றால் டாக்டர்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

நான்கு மாதத்துக்கு முன்பு, பிறந்து மூன்றாம் நாள் ஒரு குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. அப்பா வந்து நின்று, "ஒரு போட்டோ எடுத்துக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். இவள் அவருடைய ஃபோனை வாங்கி, டியூப்லைட் வெளிச்சத்தில், முகம் நன்றாகத் தெரியட்டும் என்று கிட்டப் போய், அவசரமாக இரண்டு படம் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு வார்டில் வேறு இரண்டு குழந்தைகளுக்கு உடம்பு மோசமாக இருந்தது. எடுத்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா தனியாக வந்தாள். சண்டை போட வரவில்லை. ஃபோனை நீட்டி, "சிஸ்டர், இது என் பையன் மொகம் இல்லையே," என்று மட்டும் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் வாங்கிப் பார்த்தாள். மூக்கு உருண்டு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. நெற்றி வீங்கினாற்போல இருந்தது. காதுகள் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தன. உடம்பெல்லாம் பாசி பிடித்தது போல ஒரு பச்சை. மூன்று நாளும் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அவள். அம்மா சொன்னது உண்மை. அது அவன் முகம் இல்லை. அந்தப் பெண் ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இது ஒண்ணுதான் இருக்கு. இதப் பாத்துப் பாத்து அவன் நெஜ மொகம் எனக்கு மறந்துட்டு வருது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடைக்காரர் கேட்டு முடித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் வீட்டுல இப்படி எதாவது..." என்று இழுத்தார்.

"இல்ல சார். எனக்கு ரெண்டு பசங்க. ரெண்டும் கல்லு மாதிரி இருக்குதுங்க. அந்த வேதனை எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் அன்னிக்கு அப்படி எடுத்துக் கொடுத்தேன்."

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்து ஒரு கேமராவில் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்றை மாட்டி அவள் கையில் கொடுத்தார். "என் மூக்க எடுங்க. நல்லா கிட்ட வந்து. கூச்சப்படாதீங்க, ஊருல பாதிப் பேர் இத எடுத்துத்தான் கேமரா பழகியிருக்காங்க."

எடுத்தாள். பின்பக்கத் திரையில் அவருடைய மூக்கு ஒரு கத்திரிக்காய் அளவுக்கு வந்திருந்தது. வேறு லென்ஸ் மாட்டி, நான்கடி தள்ளி நிற்கச் சொன்னார். இப்போது எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரே படத்திலும் இருந்தார்.

"புரியுதா? ஃபோன் லென்ஸ் ரொம்ப அகலமா பாக்கும். மொகம் பெருசா வேணும்னா அது உங்கள கிட்ட இழுக்கும். கிட்ட போனா முன்னாடி இருக்கிறது ஊதிக்கும், பின்னாடி இருக்கிறது சுருங்கிக்கும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். உங்க மேல தப்பு இல்ல."

"என் மேலதான் தப்பு," என்றாள். கோபமில்லாமல், வார்டில் எடை குறிப்பது போலச் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். அறை எவ்வளவு பெரிசு? முன்பு துணி அடுக்கி வைத்திருந்த அறை, ஆறடிக்கு எட்டடி. ஜன்னல் உண்டா? ஒன்று உண்டு, ஆனால் கீழ்ப்பாதியில் பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஃப்ளாஷ் அடிக்கலாமா? கூடாது, குறைமாதக் குழந்தையின் தோல் எண்ணெய்க் காகிதம் மாதிரி, ஃப்ளாஷ் பட்டால் பொம்மை போலப் பளபளக்கும். குழந்தை எவ்வளவு நீளம்? அவள் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக் காட்டினாள். கடைக்காரர் அந்த இடைவெளியைப் பார்த்தார். தன் கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார். கடையில் இருந்த மிகப் பெரிய ஜூம் லென்ஸைவிடக் கொஞ்சம்தான் அது நீளம்.

கடைசியில் கேமராவை அதோடு வருகிற சாதாரண ஜூமுடன் கொடுத்தார். கூடவே இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், கடையில் சுருக்கமாக 'ஐம்பது'. சின்னது, லேசானது, இருட்டான அறையிலும் வெளிச்சத்தை அள்ளிக்கொள்ளும். முகத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் முழங்கை நீளத்துக்கு உள்ளே போனால் ஃபோகஸ் பிடிக்காது. இன்னொன்று மேக்ரோ. கனமானது, ஐம்பது அளவுக்கு வெளிச்சம் பிடிக்காது. ஆனால் எவ்வளவு கிட்டப் போனாலும் எடுக்கும். எறும்பின் கால் ரோமம்கூடத் தெரியும்.

"ரெண்டும் ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டும். அந்த ரூம்ல வச்சுப் பாருங்க. எது உங்களுக்குன்னு நான் சொல்ல முடியாது. நான் அந்த ரூம்ல நின்னதில்ல," என்றார்.

வீட்டில் அவளுடைய கணவர் பையைத் திறந்து பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் திருகிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கேமராவை எடுத்து, லென்ஸைக் கழற்றி மாட்டி, "நல்ல பிடிமானம். ஆட்டமே இல்ல," என்று மெச்சினார். எதற்கு என்று அவள் சொன்னதும் அதைப் பையில் வைத்து மூடிவிட்டார்.

"இத வார்டுலயே வச்சுக்கோ. சாப்பிடற மேசைல வேணாம்."

"சரிங்க."

"எடுத்தத எனக்குக் காட்டாத."

"உங்களுக்குக் காட்டறதுக்கு எடுக்கல."

அவர் முகம் சுருங்கியது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அறுந்த கயிறு, சிக்கிய கதவு, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்கள் என்று நாள் முழுக்கப் பார்க்கிற மனிதர், சாவு என்று வந்தால் மட்டும் எதிர்த் தெருவுக்கே போய்விடுவார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

மறுநாள் மத்தியான ஓய்வில் அவள் அந்தத் துணி அறைக்குப் போனாள். ஒரு மேசை, ஒரு முக்காலி, கை கழுவும் தொட்டி, பேப்பர் ஒட்டிய ஜன்னல். ஒரு சலைன் பையைத் துண்டில் சுற்றிச் சுருட்டி மேசைமேல் கிடத்தினாள். நீளமும் கனமும் ஏறக்குறைய சரியாக இருந்தன. முதலில் ஜூமை மாட்டிப் பார்த்தாள். துண்டோடு சேர்ந்து தொட்டி, குழாய், குப்பைக்கூடை, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் விதிமுறை எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. ஐம்பதை மாட்டினாள். துண்டு மட்டும் தெளிவாக நிற்க, பின்னால் இருந்ததெல்லாம் பனிமூட்டம் போலக் கரைந்துவிட்டது. தொட்டி காணவில்லை. குப்பைக்கூடை காணவில்லை. எந்த வீட்டில் எடுத்தது என்று கேட்கலாம் போல இருந்தது.

தரை துடைக்க வந்த அம்மா வாசலில் நின்று, "என்ன சிஸ்டர், துண்டு சிரிக்க மாட்டேங்குதா?" என்றாள். விஷயம் தெரிந்ததும் வாளியை வெளியே வைத்துவிட்டு வந்து, துண்டின் மடிப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மேக்ரோவைக் கடைசியில்தான் மாட்டினாள். துண்டுக்குப் பதிலாகத் தன் இடது கையையே மேசையில் வைத்து எடுத்தாள். திரையில் வந்ததைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது. தோலின் வெடிப்பு, நகக்கண்ணின் உரிசல், கையுறை மாவு அப்பிய ரேகை என்று எதையும் விடவில்லை அது. இதைக் கொண்டு அந்தக் குழந்தைகளை எடுத்தால்? பிளாஸ்டர் உரித்த இடம், குழாய் அழுத்திய தழும்பு, ஊசி குத்திக் கன்றிய நீலம் எல்லாம் இலை அளவுக்குப் பெரிதாக வந்து நிற்கும். எந்த அம்மா அதைப் பார்ப்பாள்? இது இரக்கம் தெரியாத லென்ஸ் என்று முடிவு செய்து, மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தாள். சனிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐம்பது போதும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் இன்குபேட்டரில் இருந்த பெண் குழந்தை இறந்துபோனது. ஒன்பது நாள் இருந்தது. ஆயிரத்து நூறு கிராம்.

அந்த அம்மா ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை செய்பவள். ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். ஒன்பது நாளும் இன்குபேட்டர் பக்கத்திலேயே நின்று, நர்ஸ்கள் செய்வதையெல்லாம் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுடைய கணவர் தூரப் பயண லாரி ஓட்டுபவர். குழந்தை பிறந்த அன்று கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு தடவை பார்த்ததோடு சரி. இப்போது சரக்கோடு எங்கோ போயிருந்தார். திரும்பி வர இரண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் உடலை வைத்திருக்க முடியாது.

பெரிய சிஸ்டர் குழாய்களையெல்லாம் எடுத்து, குழந்தையைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் குழந்தையை முழுசாகக் கையில் ஏந்தியது அதுதான் முதல் தடவை. துணி அறையில் முக்காலிமேல் உட்கார்ந்து, சாய இடமில்லாமல் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வெகுநேரம் அப்படியே பார்த்திருந்தாள். பெரிய சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. பிறகு மெல்ல, "உங்களுக்கு வேணும்னா போட்டோ எடுத்துத் தர்றேன். வேணாம்னா வேணாம். இப்ப எடுத்து வச்சிட்டு அப்புறமா கேட்டாலும் தர்றேன்," என்றாள்.

"எடுங்க. அவரு பாக்கணும்," என்றாள் அந்தப் பெண்.

ஐம்பதைக் கொண்டு எடுத்தாள். ஜன்னலின் மேல்பாதி வழியே வந்த வெளிச்சம் குழந்தையின் நெற்றியில் விழுந்தது. மூடிய கண்கள், நுனி மட்டும் சற்றுத் தூக்கிய மூக்கு, அம்மாவின் கழுத்து மடிப்பு. ஆறேழு படம். திரையைக் காட்டினாள். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு சிஸ்டர். அவ மாதிரியே இருக்கு."

பெரிய சிஸ்டருக்கு நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. கேமராவைக் கீழே வைக்கப் போனாள்.

"காத எடுக்கணும்," என்றாள் அந்தப் பெண்.

"காதா?"

"எடது காது. மேல மடல் கொஞ்சம் மடிஞ்சிருக்கு பாருங்க. அவருக்கும் இப்படித்தான். கல்யாணம் ஆன புதுசுல கிண்டல் பண்ணிருக்கேன், இஸ்திரி போடணும்னு. இவளுக்கும் இருக்குன்னு ஃபோன்ல சொன்னேன். அவரு நம்பல."

பெரிய சிஸ்டர் குனிந்தாள். கேமரா முன்னும் பின்னும் உறுமிப் பார்த்துவிட்டுத் தோற்றுப் போனது. காது ஒரு மங்கலான புள்ளியாகவே நின்றது. தள்ளி வந்தால் தெளிவு வந்தது. ஆனால் மடிப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பட்டாணி அளவுக் காது அது.

"ஒரு நிமிஷம்மா," என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து மேக்ரோவை எடுத்து மாற்றினாள். முழங்கை இரண்டையும் மேசைமேல் ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, ஊசி ஏற்றும்போது எப்படி நிற்பாளோ அப்படியே நின்று எடுத்தாள். மடல் தெரிந்தது. மடிப்பு தெரிந்தது. அதன் ஓரத்தில், பூனைக்குட்டியின் முதுகில் இருப்பது போன்ற மெல்லிய ரோமம் தெரிந்தது. அதை அவள்கூட ஒன்பது நாளில் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பெண் கேமராவை வாங்கித் திரையை வெகுநேரம் பார்த்திருந்தாள். பிறகு துணியை விலக்கி, குழந்தையின் வலது கையை வெளியே எடுத்தாள். "இதையும்."

புறங்கையில் நாணயம் போல ஒரு நீலம். அதன் நடுவில் மூன்று சின்னப் புள்ளிகள்.

பெரிய சிஸ்டர் கேமராவைத் தூக்கவில்லை. "அது வேணாம்மா. பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்."

"இருக்குல்ல சிஸ்டர்? இருக்கிறத ஏன் விடணும்?"

"அது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "அது நான் குத்தினது."

"தெரியும். நான் பாத்துட்டுதானே நின்னேன். ரெண்டு தடவை ஏறல. மூணாவது தடவைதான் ஏறிச்சு." அந்தப் பெண் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மேசைமேல் பரப்பினாள், சட்டையின் கைப்பட்டியை விரித்து வைப்பது போல. "ஒவ்வொரு தடவையும் நீங்க அவகிட்ட 'மன்னிச்சுக்கோ கண்ணு'ன்னு சொன்னீங்க. நீங்க சொன்னது உங்களுக்கே தெரியாதுன்னு நினைக்கிறேன்."

தெரியாதுதான். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதை அவளிடம் சொன்னதில்லை.

"அவ இங்க ஒம்பது நாள் இருந்தா. இவ்வளவும் பட்டா. வெறும் தூங்கற மாதிரி ஒரு படம் மட்டும் இருந்தா, அவ ஒண்ணுமே படாம போயிட்டான்னு ஆயிடும். எடுங்க சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் எடுத்தாள். கையை எடுத்தாள். மூக்கின் கீழ் பிளாஸ்டர் உரித்த சிவப்பை எடுத்தாள். ஆக்சிஜன் அளக்கும் கருவியின் பட்டி கட்டியிருந்த பாதத்தில் பதிந்திருந்த வரியை எடுத்தாள். எடுக்கும்போது அவள் கை நடுங்கவில்லை. ஊசி போட்டுப் பழகிய கை அது, எளிதில் நடுங்காது. எல்லாம் முடிந்து கேமராவைப் பையில் வைத்துவிட்டு, தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோதுதான் அவள் அழுதாள். அந்தப் பெண் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். அது பெரிய உபகாரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கேமராக் கடைக்குப் போனாள். தெருவில் இருக்கிற ஸ்டூடியோவில் யார் கையிலோ இந்தப் படங்களைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளறையில் இருந்த தன் சொந்த பிரிண்டரில் போட்டார். காகிதம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடியோடு அவர் நிறத்தை மட்டும் சரிபார்த்து, கடைசிப் படம் காய்ந்ததும் ஓரங்களைத் தட்டி அடுக்கி, உறையில் போட்டு நீட்டினார்.

"எது வேணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"மேக்ரோ."

"ஐம்பதுன்னுதான் நான் நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அது பெத்தவங்களுக்கு நல்லது இல்ல, எனக்குத்தான் நல்லதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது," என்றாள்.

அவர் ஐம்பதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். தள்ளி நின்னீங்கன்னா இதுலயே மொகமும் அருமையா வரும். ஆனா அது அளவுக்கு இது வெளிச்சம் பிடிக்காது. ரூம்ல வெளிச்சம் கூடணும். அதுக்கு என்ன பண்றதுன்னு பாருங்க," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் லாரி ஓட்டுநர் வார்டுக்கு வந்தார். வாட்டசாட்டமான மனிதர். சட்டையில் டீசல் நெடி. நேராக வண்டியை விட்டு இறங்கி வந்திருந்தார். மனைவி தன் அம்மா வீட்டில் படுத்திருப்பதாகச் சொன்னார். பெரிய சிஸ்டர் அவரைத் துணி அறைக்குக் கூட்டிப்போய் உறையைக் கொடுத்தாள். வெளியே போகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருங்க என்றார்.

முகப் படங்களை வேகமாகப் பார்த்தார். காதுப் படம் வந்ததும் நின்றுவிட்டார். அவருடைய காதின் மடல் மேலே மடிந்திருந்ததை அப்போதுதான் பெரிய சிஸ்டர் கவனித்தாள். அந்தப் படத்தை மட்டும் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கையின் படத்துக்கு வந்தார்.

"இது என்ன, சிஸ்டர்?"

அவள் சொன்னாள். என்ன மருந்துக்காக, எத்தனை தடவை, யார் குத்தியது என்று எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அழுதாளா?"

"அழுதா. சத்தம் கேக்காது, தொண்டைல குழாய் இருந்துச்சு. மொகம் மட்டும் சுருங்கும். காலால உதைப்பா."

"உதைப்பாளா?"

"நல்லாவே உதைப்பா. ஒரு தடவை என் கையில இருந்த ஊசியத் தட்டி விட்டுட்டா."

அவர் முகம் ஒரு கணம் சிரிப்பதற்குப் போய், பாதி வழியில் உடைந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. பெரிய சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். போகும்போது அவர், "ஒரு தடவைதான் பாத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூரத்துல. இப்பத்தான் கிட்டப் பாத்த மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அவள் கணவரிடம் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அவர் காட்டாதே என்று சொல்லியிருக்கும்போது பேச்செடுப்பது முறையில்லை. ஆனால் ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். வெளிச்சம் போதவில்லை, பேப்பரை எடுத்தால் எதிரே ஜெனரேட்டர் அறைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பக்கம் ஜன்னல்?"

"வடக்கு."

"எத்தன அடி?"

"மூணுக்கு நாலு இருக்கும்."

"இருக்கும்னா? அளந்தியா?"

"அளக்கல."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு டூல் பையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி சூப்பிரண்டிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர் முதல் தடவையாக வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். இன்குபேட்டர்கள் இருந்த பக்கம் திரும்பாமல், தரையைப் பார்த்தபடியே துணி அறைக்குப் போனார். உள்ளே போனதும் அவருக்குச் செய்ய வேலை இருந்தது, அதனால் தேறிவிட்டார். வருடக்கணக்காக இறுகிப் போயிருந்த பேப்பரை வெந்நீர் வைத்து ஊறவிட்டு, தகடால் சுரண்டி எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னலுக்கு மேலே திரைக்கம்பி ஒன்றை அடித்து, பால் நிறத்தில் மெல்லிய துணியைத் தொங்கவிட்டார். வெளியில் இருந்து யாருக்கும் உள்ளே தெரியாது. ஆனால் அறை முழுக்க வெளிச்சம் மாவு சலித்தது போல ஒரே சீராக இறங்கியது.

"குழந்தை எங்க இருக்கும்?" என்று கேட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் கேட்டார்.

"மேசைல. இல்லன்னா அம்மா கையில."

"அம்மா எங்க நிப்பாங்க?"

"உக்காருவாங்க. அந்த முக்காலில."

அவர் திரும்பி முக்காலியைப் பார்த்தார். போய் உட்கார்ந்தார். பின்னால் சாயப் பார்த்து, சாய எதுவும் இல்லாமல் நிமிர்ந்துகொண்டார். எழுந்து, அதன் உயரத்தை டேப்பால் அளந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பகல் அவர் மறுபடியும் வந்தார். கம்பெனி அலுவலகத்தில் கால் உடைந்ததென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு கைவைத்த நாற்காலியைக் கேட்டு வாங்கி, காலைச் சரிசெய்து, உயரத்தைக் குறைத்து, புது மெத்தை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை ஜன்னல் பக்கமாகப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார். எழுந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினார். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீ உக்காரு," என்றார்.

பெரிய சிஸ்டர் உட்கார்ந்தாள். கைகள் தாமாகவே, ஒன்றன்மேல் ஒன்றாக, மடியில் குழந்தையை ஏந்துவது போல மடிந்துகொண்டன.

"வெளிச்சம் கண்ணக் கூசுதா?"

"இல்லங்க."

"முதுகு?"

"நல்லா இருக்கு."

அவர் இன்னொரு தடவை நான்கு காலையும் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "ரெண்டு மணிக்கு ஒரு லிஃப்ட் பாக்கணும்," என்று சொல்லி டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வார்டைக் கடக்கும்போது மூன்றாம் இன்குபேட்டருக்குப் பக்கத்தில் ஒரு கணம் தயங்கினார். உள்ளே புதிதாக வந்திருந்த ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.